நல்லாத்தானே பேசுவார்? பெரியவர்களிடம் ஆஸ்பெர்ஜரை எப்படி அடையாளம் காண்பது

எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். யாருக்காவது போன் செய்ய வேண்டுமென்றால் முதலில் ஒரு துண்டுச்சீட்டை எடுத்துக்கொள்வார். 'வணக்கம் சொல்ல வேண்டும். இப்போது பேசலாமா என்று கேட்க வேண்டும். அப்புறம் விஷயம். கடைசியில் நன்றி.' அவ்வளவுதான் அதில் இருக்கும். எதிர்முனையில் இருப்பவர் எதிர்பாராமல் எதையாவது கேட்டுவிட்டால் என்ன பதில் சொல்வது என்று சில நாள் ஓரத்தில் அம்புக்குறி போட்டு எழுதியிருப்பார். போனில் கேட்பவருக்கு, மரியாதையாக, கொஞ்சம் கோர்வையாகவே பேசுகிற மனிதர் என்றுதான் தோன்றும். போனை வைத்ததும் அவர் பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அந்தப் பக்கம் தெரியாது.

நாற்பதைத் தாண்டிய பிறகுதான் அவருக்கு ஆட்டிசம் இருப்பது உறுதியானது. பழைய பெயரில் சொன்னால் ஆஸ்பெர்ஜர். கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "அவருக்கா? நல்லாத்தானே பேசுவார்?" நானும் அதையேதான் கேட்டேன், அதுவும் அவரிடமே.

குழந்தைகளிடம் ஆட்டிசத்தைத் தேடுகிறவர்கள் வெளியே தெரிவதைப் பார்க்கிறார்கள்: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, மற்ற குழந்தைகளோடு சேர்ந்து விளையாடுகிறதா, இப்படி. வளர்ந்தவர்களிடம் அதே கண்ணோடு தேடினால் ஒன்றும் அகப்படாது. இருபது முப்பது வருடம் பிறரைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருப்பார்கள். கைகுலுக்க வேண்டிய இடத்தில் கைகுலுக்குவார்கள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பார்கள். அதனால் அவர் என்ன செய்கிறார் என்பதைவிட, அதை எப்படிச் செய்கிறார், செய்து முடித்தபின் அவரிடம் என்ன மிச்சமிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போவது அதைத்தான்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஹான்ஸ் ஆஸ்பெர்ஜர் வியன்னாவில் இருந்த குழந்தை மருத்துவர். நன்றாகப் பேசத் தெரிந்தும் மற்றவர்களோடு ஒட்ட முடியாமல், ஏதோ ஒரு விஷயத்தில் மட்டும் ஆழ்ந்துபோகிற நான்கு சிறுவர்களைப் பற்றி 1944இல் ஒரு கட்டுரை எழுதினார். ஏறக்குறைய அதே மாதிரிக் குழந்தைகளைப் பற்றி ரஷ்ய மருத்துவர் குருன்யா சுகரேவா 1925இலேயே எழுதிவிட்டார், ஆனால் அவர் பெயர் யாருக்கும் நினைவில் நிற்கவில்லை. ஆஸ்பெர்ஜரின் கட்டுரையும் நெடுங்காலம் ஜெர்மன் மொழிக்கு வெளியே அதிகம் தெரியாமல்தான் கிடந்தது. 1981இல் லோர்னா விங் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர்தான் 'ஆஸ்பெர்ஜர் சிண்ட்ரோம்' என்ற பெயரைப் பரவலாக்கினார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் கண்டறியும் கையேட்டில் 1994இல் அது தனி இடம் பெற்றது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அந்தத் தனி இடத்தை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் 'ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்' என்ற ஒரே குடையின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள். எது ஆஸ்பெர்ஜர், எது லேசான ஆட்டிசம் என்று பிரிப்பதில் மருத்துவருக்கு மருத்துவர் வேறுபட்டதுதான் முக்கியக் காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் 2022இல் நடைமுறைக்கு வந்த பதிப்பிலிருந்து அந்தப் பெயர் தனியாக இல்லை.

இன்னொரு காரணத்துக்காகவும் பலர் இந்தப் பெயரைச் சொல்லத் தயங்குகிறார்கள். நாஜிகள் காலத்தில் குழந்தைகள் கொல்லப்பட்ட 'ஆம் ஸ்பீகல்கிரண்ட்' மருத்துவமனைக்கு ஆஸ்பெர்ஜரும் சில குழந்தைகளை அனுப்பியிருக்கிறார் என்பதை ஆவணங்களோடு ஹெர்விக் செக் என்ற வரலாற்றாய்வாளர் 2018இல் வெளியிட்டார். ஏறத்தாழ 800 குழந்தைகள் இறந்த இடம் அது. ஆக, இன்று மருத்துவர் பெரும்பாலும் ஆஸ்பெர்ஜர் என்று எழுதித் தரமாட்டார், ஆட்டிசம் என்றுதான் எழுதுவார். ஆனாலும், சிறுவயதில் பேச்சு தாமதமாகாமல், அறிவுத்திறனும் குறையாமல் இருக்கிற வகையைச் சட்டென்று குறிப்பிட மக்கள் வாயில் பழைய சொல்தான் இருக்கிறது. அதே அர்த்தத்தில்தான் நானும் இங்கே எழுதுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பழகுவதில் இருக்கும் சிரமம்தான் எல்லோரும் முதலில் சொல்வது. 'கூச்சம்' என்று அதைச் சுருக்கிவிடுவது தப்பு. கூச்சப்படுகிறவருக்கு என்ன பேச வேண்டும் என்று தெரியும், பேசத்தான் தைரியம் வராது. இவர்களுக்குத் தைரியம் இருக்கும், விதிதான் தெரியாது. நான்கு பேர் சுற்றி நின்று அரட்டை அடிக்கும்போது எப்போது வாயைத் திறப்பது என்பதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, பெரும்பாலானோருக்கு அது தானாக வந்துவிடுகிறது. இவர்களுக்கோ அது சுற்றுகிற கயிற்றுக்குள் குதிக்கிற விளையாட்டு மாதிரி. இப்போதா, இப்போதா என்று பார்த்துக்கொண்டே நின்று, குதிக்கும் நேரத்தில் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். ஆனால் அதே ஆளை மேடையேற்றி அவருக்குப் பிடித்த விஷயத்தைப் பேசச் சொன்னால் முந்நூறு பேர் முன்னால் கொஞ்சமும் தடுமாறாமல் பேசுவார். மேடையில் யார் பேச வேண்டும் என்பது முன்பே முடிவாகிவிட்டதே!

சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வது அடுத்தது. 'மரத்தில் ஏறாதே' என்றால் மரத்தில் மட்டும்தான் ஏறக்கூடாது என்று புரிந்துகொள்ளும் குழந்தைக் கதையெல்லாம் பெரியவர்களிடம் எதிர்பார்க்காதீர்கள், பழமொழிகளுக்கெல்லாம் பொருள் தெரிந்துதான் இருக்கும். மாட்டிக்கொள்வது நுணுக்கமான இடங்களில். "நேரம் கிடைக்கும்போது இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்று மேலதிகாரி சொல்லிவிட்டுப் போவார். மற்ற எல்லோருக்கும் அது 'இன்று சாயங்காலத்துக்குள்' என்று விளங்கும். இவருக்கு நிஜமாகவே நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம் என்றுதான் விளங்கும், வியாழக்கிழமை திட்டு வாங்குவார். பழைய சகா ஒருவர் வழியில் பார்த்து "ஒருநாள் சாவகாசமாகச் சந்திப்போம்" என்றபோது, என் நண்பர் அங்கேயே போனை எடுத்து நாட்காட்டியைத் திறந்து "எந்தத் தேதி?" என்று கேட்டார். அந்தச் சகாவின் முகம் போன போக்கு இன்னும் எனக்கு மறக்கவில்லை. நண்பருக்கு அன்று அந்த முகம் எதையும் சொல்லவில்லை. நான் பிறகு சொல்லித்தான் தெரியும், தெரிந்தபின் ஒரு வாரம் அதையே நினைத்து நொந்துகொண்டிருந்தார்.

கண்ணைப் பார்த்துப் பேசுவதையும் இதே கணக்கில் வையுங்கள். கண்ணைப் பார்க்கவே மாட்டார்கள் என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. பெரியவர்களில் பலர் பார்ப்பார்கள், ஆனால் மூன்று எண்ணிவிட்டு விலக்கிக்கொள்வது, கண்ணுக்குப் பதிலாகப் புருவ நடுவைப் பார்ப்பது என்று அவரவர் ஒரு தந்திரம் வைத்திருப்பார்கள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் நீங்கள் சொல்வது முழுசாகக் காதில் விழுகிறது என்பதும் சாத்தியம்.

'இவர்களுக்கு இரக்கமே கிடையாது' என்பது ரொம்பக் காலமாகச் சொல்லப்படுகிற அநியாயமான பேச்சு. அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று முகத்தை வைத்துக் கணிப்பது வேறு, அவர் துன்பப்படுகிறார் என்று தெரிந்தபின் வலிப்பது வேறு. முதலாவதில்தான் இவர்கள் தடுமாறுகிறார்கள். தோழி அழும்போது மரம் மாதிரி நின்றுவிட்டு, பிறகு ராத்திரி இரண்டு மணிக்கு அவளுடைய பிரச்சினைக்கு ஐந்து தீர்வுகளைத் தட்டச்சு செய்து அனுப்புகிறவரை இரக்கமில்லாதவர் என்று எப்படிச் சொல்வது? தானே ஆட்டிசம் உள்ளவரான சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல் இதைத் திருப்பிப் போட்டுக் கேட்டார்: அவர்களுக்கு மற்றவர்களைப் புரியவில்லை என்றால், மற்றவர்களுக்கு மட்டும் அவர்களைப் புரிகிறதா என்ன? புரியாமை இரண்டு பக்கமும் இருக்கும்போது குறையை ஒரு பக்கம் மட்டும் எழுதுவது சரியில்லை என்பது அவர் வாதம். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

சிலருக்குத் தன் மனதையே படிக்க முடியாது. 'எப்படி இருக்கீங்க' என்று அக்கறையாகக் கேட்டால் நிஜமாகவே பதில் தெரியாமல் விழிப்பார்கள். நெஞ்சு இறுகுகிறது, கை சில்லிடுகிறது, ஆனால் அது கோபமா பயமா என்று பெயர் வைக்க முடியாது. இதற்கு அலெக்சிதைமியா என்று பெயர். ஆட்டிசம் உள்ள எல்லோருக்கும் இது இருக்காது, ஆனால் மற்றவர்களைவிட இவர்களிடம் அதிகம் காணப்படுகிறது.

இனி ஆர்வங்கள். ரயில் அட்டவணையை மனப்பாடமாகச் சொல்கிற பையன் என்ற ஒரே படத்தைச் சினிமாவும் டிவியும் காட்டிக் காட்டி நம் மண்டையில் ஏற்றிவிட்டன. வளர்ந்தவரின் ஆர்வம் வெளியே சாதாரணமாகவே இருக்கலாம்: எழுத்துருக்கள், பூனைகள், ஒரு குறிப்பிட்ட பாடகர், வரிச் சட்டம், மனித உளவியல். எதில் ஆர்வம் என்பது துப்பு அல்ல, எவ்வளவு ஆழம் என்பதுதான் துப்பு. அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். முகம் மாறும், குரல் மாறும், அதுவரை ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னவர் நாற்பது நிமிடம் நிறுத்தாமல் பேசுவார், கேட்கிறவர் கடிகாரத்தைப் பார்ப்பது கண்ணில் படாது. கண்ணில் பட ஆரம்பித்துவிட்டவர்கள் அந்தப் பேச்சையே எடுக்காமல் இருக்கப் பழகியிருப்பார்கள்.

அன்றாட ஒழுங்கு குலைந்தால் வருகிற தவிப்பும் சேர்ந்தே வரும். சாயங்காலம் ஐந்து மணிக்கு வருவதாகச் சொன்ன விருந்தாளி நாலரைக்கு வந்து நின்றால் எல்லோருக்குமே ஒரு சின்ன எரிச்சல் வரும். இவர்களுக்கு அந்த அரைமணி நேரம் வெறும் காலி நேரம் அல்ல, அதற்குள் இன்னது செய்து, இன்னது யோசித்து, மனதைத் தயார்ப்படுத்தி வைப்பதாக ஒரு திட்டம் இருந்தது. அது முழுவதும் சரிந்துவிட்டது. நல்ல மாற்றமாக இருந்தாலும் இப்படித்தான். எதிர்பாராமல் விடுமுறை கிடைத்தால் சந்தோஷப்படுவதற்கு முன் பாதி நாள் திகைப்பிலேயே போய்விடும்.

புலன்கள் விஷயத்தைத்தான் பலர் ஆட்டிசத்தோடு சேர்த்தே பார்ப்பதில்லை. அந்த அமெரிக்கக் கையேட்டின் 2013 பதிப்பில்தான் இது கண்டறிவதற்கான அளவுகோல்களிலேயே இடம்பெற்றது. டியூப்லைட்டின் மெல்லிய ரீங்காரம் மற்றவர் காதில் விழவே விழாது, இவருக்கு அறையில் இன்னொரு ஆள் பேசிக்கொண்டிருக்கிற மாதிரி. புதுச் சட்டை வாங்கினால் முதல் வேலை கழுத்துப் பட்டையில் உள்ள லேபிளை வெட்டுவது. பக்கத்து மேசையில் ஒருவர் மென்று தின்கிற சத்தத்துக்காக இடம் மாறி உட்காருவது. இதற்கு நேர் எதிராகவும் இருக்கலாம்: பசிப்பதே தலைவலி வந்த பிறகுதான் தெரியும், காலில் அடிபட்டது ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கலாம். கை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது போன்ற அசைவுகளைப் பெரியவர்களிடம் அதிகம் பார்க்க முடியாது, அவை ஒளிந்துகொண்டிருக்கும். மோதிரத்தைத் திருப்பித் திருப்பி உருட்டுவது, ஷூவுக்குள் கால்விரலை மடக்கி விரிப்பது. யாருக்குத் தெரியப்போகிறது?

இந்த ஒளித்தலுக்கு மாஸ்கிங் என்கிறார்கள், அதாவது முகமூடி போட்டுக்கொள்வது. பெரியவர்களிடம் கண்டுபிடிப்பது தாமதமாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எல்லோரும்தான் இடத்துக்கு ஏற்ப நடந்துகொள்கிறோம், இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அளவில்தான் வித்தியாசம். என் நண்பர் சிரிப்பைக் கண்ணாடி முன் நின்று பழகியவர். கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், தான் பேசிய ஒவ்வொரு வாக்கியத்தையும் எதிரில் இருந்தவரின் பதிலையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்து எங்கே பிசகியது என்று தேடுவார். வாரம் ஐந்து நாள் இப்படி. சனிக்கிழமை யாரோடும் பேச மாட்டார், வீட்டில் விளக்குகூடப் போட மாட்டார். அலுவலகத்தில் அவரைப் பார்ப்பவர்களுக்கு அந்தச் சனிக்கிழமை தெரியாது, ஆனால் ஆட்டிசத்தின் சுவடு அங்கேதான் இருக்கிறது. அதிகமாக மாஸ்க் செய்கிறவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் அதிகமாக இருப்பதாக ஆய்வுகளும் சொல்கின்றன.

பெண்கள் இதில் இன்னும் அதிகமாக விடுபட்டுப் போகிறார்கள். ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண்கள் என்பது நெடுநாளாகச் சொல்லப்பட்ட விகிதம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று உண்மை விகிதம் மூன்றுக்கு ஒன்று என்பதை நெருங்கும் என்றது. அமைதியான பெண் குழந்தையை யாரும் மருத்துவரிடம் கூட்டிப் போவதில்லை, 'அடக்கமான பிள்ளை' என்று பாராட்டிவிட்டுப் போகிறார்கள். பின்னால் அவர்களுக்குப் பதற்றநோய், மனச்சோர்வு, ஆளுமைக் கோளாறு என்று ஒவ்வொன்றாகச் சீட்டு கிடைக்கிறது. பாடகி சூசன் பாயில் தனக்கு ஆஸ்பெர்ஜர் இருப்பதாக 2013இல் ஐம்பது வயதுக்கு மேல்தான் வெளியே சொன்னார். அதுவரை பிறக்கும்போது மூளையில் பாதிப்பு ஏற்பட்டதாகச் சிறுவயதில் சொல்லப்பட்டதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

தாங்கும் எல்லையைத் தாண்டினால் இரண்டில் ஒன்று நடக்கும். வெளியே வெடிப்பது மெல்ட்டவுன், உள்ளே அடைத்துக்கொள்வது ஷட்டவுன். பெரியவர்களிடம் இரண்டாவது அதிகம் கவனிக்கப்படாமல் போகிறது: பேச நினைத்தாலும் வார்த்தை வராது, கேட்ட கேள்விக்குத் தலையாட்டக்கூட முடியாது. வீட்டில் உள்ளவர்கள் இதை 'மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்' என்று எடுத்துக்கொண்டு மேலும் மேலும் கேள்வி கேட்பார்கள், அது எரிகிற தீயில் எண்ணெய். அந்த நேரத்தில் விளக்கைக் குறைத்துவிட்டுப் பேசாமல் இருந்தாலே பாதி சரியாகிவிடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு 'ஐயோ, எனக்கும் லேபிள் உறுத்துமே' என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். ஒன்றிரண்டு எல்லோரிடமும் இருக்கும். பழகுவதில் உள்ள சிரமம் ஒரு பக்கம், ஒழுங்கு, ஆர்வம், புலன் சார்ந்தவை மறுபக்கம் என்று இரண்டு பக்கமும் இருக்க வேண்டும், சிறுவயதிலிருந்தே இருந்திருக்க வேண்டும், வாழ்க்கையை நிஜமாகவே கடினமாக்க வேண்டும். முப்பது வயதில் திடீரென்று தொடங்கியது என்றால் அது வேறு ஏதோ. சிறுவயதில் வெளியே தெரியாமல் இருந்து, வேலை, திருமணம், குழந்தை என்று பாரம் கூடிய பிறகு தெரியவருவது என்றால், அதற்கு அந்த அமெரிக்கக் கையேடே இடம் கொடுக்கிறது.

ஒன்றை மற்றொன்றாக நினைப்பதும் சகஜம். ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணமும் செயலும் விடாமல் துரத்துகிற நோய், உள்ளவர் திரும்பத் திரும்பச் செய்வதை வேண்டாவெறுப்பாகச் செய்கிறார், செய்யாவிட்டால் பயம். ஆட்டிசத்தில் அதே செயல் பெரும்பாலும் நிம்மதி தருகிறது. ஏடிஹெச்டி (கவனச்சிதறலும் துறுதுறுப்பும் உள்ள நிலை) இருக்கிறதே, அது ஆட்டிசத்தோடு சேர்ந்தே வருவது மிகவும் சாதாரணம், ஆனால் 2013க்கு முன் அமெரிக்கக் கையேட்டின்படி இரண்டையும் ஒரே ஆளுக்குச் சேர்த்து எழுதவே கூடாது. அந்தக் காலத்தில் ஏதாவது ஒன்றை மட்டும் எழுதி அனுப்பப்பட்டவர்கள் மறுபடி போய்ப் பார்ப்பது வீண்போகாது.

இணையத்தில் கிடைக்கும் தேர்வுகளில் பிரபலமானது கேம்பிரிட்ஜில் ஆட்டிச ஆய்வாளர் சைமன் பேரன் கோஹன் குழு 2001இல் வெளியிட்ட ஐம்பது கேள்வித் தாள். அவர்களுடைய ஆய்வில் ஆஸ்பெர்ஜர் அல்லது அதை ஒத்த ஆட்டிசம் உள்ளவர்களில் 80 சதவீதம் பேர் 32 அல்லது அதற்கு மேல் எடுத்தார்கள், மற்றவர்களில் 2 சதவீதம் பேர்தான் அவ்வளவு எடுத்தார்கள். நல்ல ஆரம்பம், ஆனால் தீர்ப்பு அல்ல. பதற்றநோய் உள்ளவர்களுக்கும் எண்ணிக்கை ஏறலாம். பார்ட்டிக்குப் போவீர்களா, நூலகத்துக்குப் போவீர்களா என்கிற மாதிரிக் கேள்வி ஒன்று வரும். என் நண்பர் அங்கேயே நின்றுவிட்டார். எந்த நூலகம், யாருடைய பார்ட்டி, எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரியாமல் எப்படிப் பதில் சொல்வது என்றார். எனக்கென்னவோ அவருக்கு வந்த மதிப்பெண்ணைவிட அந்த நிற்றலில்தான் விடை இருந்ததாகத் தோன்றுகிறது.

உறுதிசெய்வதற்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பெரியவர்களின் ஆட்டிசத்தில் அனுபவமுள்ள மனநல மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோ நீண்ட நேரம் பேசி, கவனித்து, சிறுவயது விவரங்களைக் கேட்டு முடிவுசெய்வார். அனுபவமுள்ளவர் என்பது முக்கியம். 'கண்ணைப் பார்த்துப் பேசுகிறீர்களே, உங்களுக்கு எப்படி இருக்கும்' என்று இரண்டு நிமிடத்தில் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு, என் நண்பருக்கே முதல் முறை அப்படித்தான் நடந்தது. ஆட்டிசத்துக்கென்று மாத்திரை இல்லை. கூட வருகிற பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் இருக்கிறது, அதற்குமேல் உதவுவதெல்லாம் இரைச்சலைக் குறைக்கும் ஹெட்போன், எழுத்தில் தரப்படும் வேலை விவரம், முன்கூட்டியே சொல்லப்படும் மாற்றம் போன்ற சில்லறை ஏற்பாடுகள்தான்.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ஆசிரியர் கைப்பட எழுதிய குறிப்புள்ள பழைய பள்ளி மதிப்பெண் அட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவயதில் உங்களைப் பார்த்த அம்மா, அக்கா, சித்தி யாராவது வர முடிந்தால் நல்லது. எதை வைத்து விளையாடினீர்கள், எந்தத் துணியைப் போடமாட்டேன் என்று அழுதீர்கள், யாரோடு சேர்ந்தீர்கள் என்று அவர்கள் சொல்வது உங்கள் நினைவைவிட நம்பகமாக இருக்கும். மற்றதை நீங்களே எழுதிக்கொண்டு போகலாம், அங்கே உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோவது சகஜம்தான்.

என் நண்பர் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போனார். பேச ஆரம்பிக்கும்போதே கை நடுங்கியதால், இதைப் படிக்கலாமா என்று கேட்டிருக்கிறார். தாராளமாகப் படியுங்கள் என்றாராம் இரண்டாவது மருத்துவர். அந்தத் தாளைப் பிறகு எனக்குக் காட்டினார். முதல் வரி, 'வணக்கம் சொல்ல வேண்டும்.' அதையும் சேர்த்தே படித்துவிட்டாராம்.